மூட்டை தூக்காத முதுகும் ஏன் வலிக்கிறது?

எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் தாத்தாவின் எக்ஸ்ரே ஒன்று இருக்கிறது. ஓரமெல்லாம் பழுப்பேறி, நடுவில் இடுப்பெலும்பு மட்டும் மங்கலாகத் தெரியும். அதற்கு மேல் அப்பாவின் சி.டி. ஸ்கேன் உறை. அதற்கும் மேல் போன வருஷம் எடுத்த என்னுடைய எம்.ஆர்.ஐ. ஒருநாள் மூன்றையும் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எனக்குப் படம் பார்க்கத் தெரியாது. ஆனால் கூடவே மடித்து வைத்திருந்த மூன்று ரிப்போர்ட்டுகளிலும் ஒரே இடம்தான் எழுதியிருந்தது: இடுப்பின் நாலாவது முள்ளெலும்புக்கும் ஐந்தாவது முள்ளெலும்புக்கும் நடுவே.

தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பம்பாய் வந்து, தாராவியில் குடியேறி, மஸ்ஜித் பந்தர் கிட்டங்கிகளில் மூட்டை தூக்கினார். சுமை தூக்குகிறவர்களை இங்கே மாத்தாடி என்பார்கள். அவர்களுக்கென்றே 1969-இல் மகாராஷ்டிராவில் தனிச்சட்டம் வந்தது. அப்பா டாக்ஸி ஓட்டினார். நான் நவி மும்பை ஐரோலியில் ஒரு ஏசி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். மூன்று பேருக்கும் வேலை வேறு. வலி மட்டும் ஒன்றுதான். பிட்டத்தில் கிளம்பி, தொடையின் பக்கவாட்டில் இறங்கி, கெண்டைக்காலின் வெளிப்புறமாகப் போய்ப் பெருவிரலில் நிற்கும் ஓர் இழுப்பு.

தாத்தாவுக்கு மூட்டையால் வந்தது என்றார்கள். அப்பாவுக்கு மும்பை ரோட்டுக் குழிகளால் வந்தது என்றார்கள். எனக்கு நாற்காலியால் வந்தது என்கிறார்கள். ஊரிலிருந்து அத்தை மட்டும் போனில் வேறு மாதிரி சொன்னார்: "ஏட்டி, இது நம்ம வம்சத்துலயே உள்ளதுல்லா."

அத்தை பள்ளிக்கூடம் தாண்டாதவர். ஆனால் கடந்த முப்பது வருட ஆராய்ச்சியைப் படிக்கப் படிக்க, நால்வரில் அவர் சொன்னதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரிகிறது. எந்த அளவுக்குப் பக்கம், எங்கே விலகுகிறது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஜவ்வு என்பது நுங்கு மாதிரி

முதலில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். நம் முதுகெலும்புகளுக்கு நடுவே 23 டிஸ்குகள் உண்டு. பேச்சு வழக்கில் ஜவ்வு. வெளியே வெங்காயம் போல அடுக்கடுக்கான நார் வளையம். உள்ளே நுங்கு போல வழவழப்பான கூழ். இளவயதில் அந்தக் கூழில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் தண்ணீர்தான். அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பது அக்ரிகான் என்கிற புரதம். வளையத்தையும் கூழையும் உருக்குலையாமல் தாங்குவது பல வகைக் கொலாஜன்கள் என்கிற நார்ப் புரதங்கள்.

வளர்ந்த மனிதரின் ஜவ்வுக்குள் ரத்தக் குழாய் கிடையாது. மேலும் கீழும் இருக்கிற எலும்புத் தகட்டிலிருந்து சத்து கசிந்துதான் உள்ளே போக வேண்டும். அதனால் அதில் ஏற்படுகிற சேதம் மெதுவாகத்தான் ஆறும், பெரும்பாலும் முழுசாக ஆறாது. வயதாக ஆகத் தண்ணீர் வற்றும். எம்.ஆர்.ஐ. படத்தில் தண்ணீர் வெள்ளையாகத் தெரியும் என்பதால் நல்ல ஜவ்வு பளிச்சென்று இருக்கும், வற்றியது கறுத்துப் போயிருக்கும். என் படத்தில் மேலே இருந்த ஜவ்வுகள் எல்லாம் வெள்ளை, கீழே கடைசி இரண்டும் கறுப்பு. முற்றிய நுங்குதான் எனக்கு ஞாபகம் வந்தது.

"ஜவ்வு விலகிடுச்சு" என்று நாம் சொல்வதில் ஒரு திருத்தம் வேண்டும். ஜவ்வு முழுசாக எங்கும் நகர்வதில்லை. வளையத்தில் விரிசல் விட்டு, உள்ளே இருக்கிற கூழ் பின்பக்கமாகப் பிதுங்குகிறது. அங்கேதான் நரம்பு வேர்கள் இருக்கின்றன. தண்டுவடம் இடுப்பின் முதல் இரண்டு எலும்புகள் அருகிலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே நரம்புகள் குதிரை வால் போலப் பிரிந்து தொங்கும். நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே பிதுங்கினால் பெரும்பாலும் ஐந்தாவது இடுப்பு நரம்பு மாட்டும், இழுப்பு பெருவிரலுக்குப் போகும். அதற்கு அடுத்த ஜவ்வு பிதுங்கினால் சுண்டுவிரல் பக்கம் மரத்துப் போகும், குதிகாலைத் தூக்கி நிற்க முடியாது. பிதுங்கிய கூழ் காலுக்கு வரும் நரம்பை அழுத்தும் என்பதைத் தெளிவாக நிறுவியவர்கள் பாஸ்டன் மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும், 1934-இல். வலி வெறும் அழுத்தத்தால் மட்டும் வருவதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தக் கூழ் நரம்பில் பட்டாலே அழற்சி உண்டாகும். சின்னப் பிதுக்கம் ஒருவரைப் படுக்கையில் போட்டுவிடுவதற்கும், பெரிய பிதுக்கம் இருக்கிறவர் விரார் ஃபாஸ்ட் ரயிலில் தொங்கிக்கொண்டு போவதற்கும் இது ஒரு காரணம்.

இரட்டையர்கள் சொன்ன சாட்சி

ஜவ்வு ஏன் வற்றுகிறது? நெடுங்காலம் எல்லோரும் நம்பியது சுமையைத்தான். தூக்கித் தூக்கித் தேய்ந்துவிட்டது, அவ்வளவுதான் என்று. இதைச் சோதித்துப் பார்க்க 1990களில் ஃபின்லாந்து இரட்டையர்களைத் தேடிப் போனார்கள். ஒரே கருமுட்டையில் பிறந்த இரட்டையர்களுக்கு மரபணு ஒன்றுதான். அவர்களில் ஒருவர் வாழ்நாள் முழுக்கப் பாரம் தூக்கி, இன்னொருவர் மேசை வேலை பார்த்திருந்தால், இருவர் முதுகையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும்.

மிஷேல் பாட்டியே, தாப்பியோ விடேமான் குழுவினர் 1995-இல் வெளியிட்ட ஆய்வில் 115 ஜோடி ஆண் இரட்டையர்கள் இருந்தார்கள். இடுப்பின் மேல் பகுதி ஜவ்வுகளில் ஆளுக்கு ஆள் காணப்பட்ட வித்தியாசத்தில், தொழிலில் தூக்கிய சுமையால் விளக்க முடிந்தது 7 சதவீதம். வயதையும் சேர்த்தால் 16. 'இவர் இன்னாருடைய இரட்டை' என்பதையும் சேர்த்தபோது அது 77 சதவீதமாக ஏறியது. கீழ்ப்பகுதியில், அதாவது நம்மில் பலருக்கும் வலிக்கிற இடத்தில், குடும்ப ஒற்றுமையையும் சேர்த்து 43 சதவீதம்தான் விளங்கியது. மீதி எதனால் என்று அந்த ஆய்வால் சொல்ல முடியவில்லை. அதே குழு வாழ்நாள் முழுக்க வண்டி ஓட்டியவர்களையும் ஓட்டாத உடன்பிறப்புகளையும் ஒப்பிட்டது. ஜவ்வுத் தேய்மானத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இதைப் படித்த ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். "அப்போ வண்டி மேல தப்பு இல்லியா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். முப்பது வருடம் சோறு போட்ட பத்மினி கார் அது.

பிரிட்டனில் 1999-இல் வந்த இன்னோர் இரட்டையர் ஆய்வு, இடுப்பு ஜவ்வுத் தேய்மானத்தில் பரம்பரையின் பங்கு 74 சதவீதம் என்றது. இந்த மாதிரி எண்ணைத் தவறாகப் புரிந்துகொள்வது சுலபம். என் வலியில் முக்கால் பங்கு மரபணுவால், கால் பங்கு நாற்காலியால் என்று அர்த்தமில்லை. ஒரே வயலில் ஒரே தண்ணீர் பாய்ச்சி இரண்டு ரக நெல்லை விதைத்தால், உயரத்தில் தெரிகிற வித்தியாசம் எல்லாம் விதையால் வந்ததுதான். அதற்காகத் தண்ணீரே விடாமல் இருந்தால் இரண்டும் கருகாமலா இருக்கும்? ஒரு கூட்டத்துக்குள் ஆளுக்கு ஆள் ஏன் வேறுபடுகிறார்கள் என்பதைத்தான் அந்தச் சதவீதம் சொல்கிறது. இன்னொன்று, ஒரு வீட்டில் ஒன்றாக வளர்ந்தவர்களுக்குச் சோறும் ஒன்று, பழக்கமும் ஒன்று. ஃபின்லாந்துக் கணக்கில் அதுவும் கலந்திருக்கிறது.

புகைப்பதைப் பற்றியும் அந்த இரட்டையர்கள் ஒன்று சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் பல வருடம் புகைத்து, மற்றவர் புகைக்காமல் இருந்த ஜோடிகளில், புகைத்தவரின் இடுப்பு ஜவ்வுகள் சராசரியாக 18 சதவீதம் அதிகம் தேய்ந்திருந்தன. மரபணு ஒன்று, முதுகு இரண்டு. தாத்தா பீடி பிடித்தவர்.

எந்த மரபணு?

ஒன்று இல்லை, பல. 1998-இல் வைட்டமின் டி ஏற்பி மரபணுவில் தொடங்கி, ஜவ்வை இழுத்துக்கட்டும் கொலாஜன்கள், தண்ணீர் பிடிக்கும் அக்ரிகான், அழற்சியைத் தூண்டும் புரதங்கள் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றின் பங்கும் சொற்பம். சிறு தூறல்கள் சேர்ந்து மழையாவது மாதிரிதான்.

இதில் ஒரு கதையை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், நமக்கு வேண்டிய எச்சரிக்கை அதில் இருப்பதால். 1999-இல் ஃபின்லாந்தில், ஜவ்வுக் கோளாறும் கால் இழுப்பும் உள்ள 157 பேரைச் சோதித்தபோது 6 பேரிடம் ஒன்பதாம் வகைக் கொலாஜனில் ஒரு மாற்றம் இருந்தது. நலமாக இருந்த 174 பேரில் ஒருவரிடமும் அது இல்லை. குற்றவாளி அகப்பட்டுவிட்டான் என்று நினைத்தார்கள். சில வருடம் கழித்து ஹாங்காங்கில் தேடினால், அங்கே ஐந்தில் ஒருவரிடம் அதே மாற்றம்! அங்கேயும் ஜவ்வுத் தேய்மானத்தோடு தொடர்பு இருந்தது. ஆனால் ஃபின்லாந்தில் அபூர்வமாக இருந்தது ஹாங்காங்கில் தெருவுக்கு நாலு பேரிடம். ஓர் இனத்துக்குப் பார்த்த கணக்கை இன்னோர் இனத்துக்கு அப்படியே போட முடியாது என்பது இதில் தெளிவாகிறது. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழுவினர் இந்தியர்களின் ஜவ்வையும் மரபணுவையும் சேர்த்துப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருவது அதனால்தான் முக்கியம். எச்சிலை அனுப்பினால் முதுகின் எதிர்காலத்தைச் சொல்கிறேன் என்று யாராவது பணம் கேட்டால், கொடுக்காதீர்கள். சாதாரண ஜவ்வுத் தேய்மானத்தைப் பொறுத்தவரை, சிகிச்சையை மாற்றக்கூடிய மரபணுப் பரிசோதனை எதுவும் இன்றைக்கு இல்லை.

வலியை உணர்வதிலும் மரபணுவுக்குப் பங்கு உண்டு. ஐரோப்பிய வம்சாவளியினர் சுமார் 1,58,000 பேரை வைத்து 2018-இல் வெளியான ஆய்வில் நாள்பட்ட முதுகுவலியோடு தொடர்புபட்ட மரபணுக்களில் ஒன்று, குருத்தெலும்பு வளர்ச்சிக்கானது. இன்னொன்று, கருவில் நரம்பு இழைகள் எந்தப் பக்கம் வளர வேண்டும் என்று வழிகாட்டுவது. ஜவ்வு ஒரு கதை, அதை மூளைக்குக் கொண்டுபோகும் கம்பி இன்னொரு கதை. ஒரே மாதிரி ஸ்கேன் வைத்திருக்கும் இருவரில் ஒருவர் துடிப்பதும் ஒருவர் சாதாரணமாக நடப்பதும் நடிப்பு இல்லை. வீட்டுக்கு வந்த மருமகள் முதுகு வலிக்கிறது என்றால் "எங்களுக்கெல்லாம் வலிக்காததா" என்று கேட்கிறவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

பிறவியிலேயே குறுகிய குழாய்

நரம்பு நசுங்க ஜவ்வு பிதுங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. நரம்புகள் இறங்கும் எலும்புக் குழாயே சிலருக்குப் பிறவியில் குறுகலாக இருக்கும். முன்பின் அளவு வழக்கமாக 15 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். 10-க்குக் கீழே போனால் நெருக்கடிதான். அப்படிப்பட்டவருக்கு, மற்றவர்கள் கவனிக்கக்கூடச் செய்யாத சின்னப் பிதுக்கமே போதும். ஒண்டுக் குடித்தனத்தில் ஒரு பீரோ கூடுதலாக வந்தால் நடக்க வழி இல்லாமல் போவதைத் தாராவிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இதன் அடையாளம் எங்கள் தெருவிலேயே தெரியும். கொஞ்ச தூரம் நடந்ததும் இரண்டு காலும் கனத்து, மரத்துப்போய் நிற்பார்கள். உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோ சரியாகிவிடும், ஏனென்றால் குனியும்போது அந்தக் குழாய் கொஞ்சம் அகலும். சயான் ஸ்டேஷன் பாலத்தில் ஏறும்போது தெரியாத கஷ்டம் இறங்கும்போது தெரியும். காய்கறி வண்டியைக் குனிந்து தள்ளிக்கொண்டு நெடுந்தூரம் போகிறவர், கை வீசி நடந்தால் நூறடி தாண்ட மாட்டார்.

குள்ளத்தன்மைக்குக் காரணமான அகான்ட்ரோபிளேசியாவில் இந்தக் குறுகல் ரொம்பத் தெளிவாகத் தெரியும். எஃப்.ஜி.எஃப்.ஆர்.3 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதால் வருவது. அப்படிப் பிறக்கும் குழந்தைகளில் ஐந்தில் நாலு பேரின் பெற்றோர் சாதாரண உயரக்காரர்கள். மாற்றம் அந்தக் குழந்தையிலேயே புதிதாக நிகழ்கிறது.

கழுத்தில் வருவது இன்னும் கவலைக்குரியது. முதுகெலும்புகளின் பின்புறம் நெடுக ஓடும் ஒரு தசைநார் எலும்பாக இறுகித் தண்டுவடத்தையே அழுத்தும். ஜப்பானில் 1960-இல் முதலில் விவரிக்கப்பட்டது, குடும்பங்களில் தொடர்வது, இந்தியர்களிடமும் உண்டு. சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறும். நடக்கும்போது செருப்பு காலிலிருந்து கழன்று விழுந்தது தெரியாமல் நாலடி போய்விடுவார்கள். செருப்பு கழல்வதை வீட்டில் யாராவது சொன்னால், வயசாச்சு என்று விடாமல் நரம்பு மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

கறுப்புச் சிறுநீர், கறுப்பு ஜவ்வு

பரம்பரை நோய் என்ற கருத்தே ஒரு முதுகு நோயோடு பின்னிக் கிடக்கிறது என்பது எனக்குத் தெரியாமல் இருந்தது. 1902-இல் லண்டன் மருத்துவர் ஆர்ச்சிபால்டு காரட் அல்காப்டோனூரியா என்ற அபூர்வக் கோளாறைப் பற்றி எழுதினார். இந்தக் குழந்தைகளின் சிறுநீர் காற்றுப் பட்டதும் கறுக்கும். துணியில் கறை விழும். பெற்றோரில் பலர் ஒன்றுவிட்ட சகோதர சகோதரிகள் என்பதைக் காரட் கவனித்தார். தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக ஒரு மரபணுவின் இரண்டு பழுதான பிரதிகளும் சேர்ந்தால்தான் வரும் என்ற மெண்டலின் விதி மனிதருக்கும் பொருந்துகிறது என்று முதலில் காட்டிய நோய் இதுதான்.

சிறுநீரைக் கறுக்க வைக்கும் பொருளில் வெளியேறுவது போக மீதி வருடக்கணக்கில் குருத்தெலும்பிலும் ஜவ்விலும் படிந்துகொண்டே இருக்கும். முப்பது வயதுக்கு மேல் முதுகு இறுகத் தொடங்கும். சாதாரண ஜவ்வுப் பிதுக்கம் என்று அறுவை செய்யத் திறந்து, உள்ளே ஜவ்வு கரி போலக் கறுத்திருப்பதைப் பார்த்த பிறகே நோயைக் கண்டுபிடித்த அறுவை மருத்துவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் நரிக்குறவர் சமூகத்தில் இதற்கான மரபணு மாற்றம் கூடுதலாகக் காணப்படுவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மாமன் மகளையும் அத்தை மகனையும் கட்டுகிற நம் எல்லோருக்கும் இது பொதுவான விஷயம். சொந்தத்துக்குள் கல்யாணம் செய்வதால் சாதாரண ஜவ்வுத் தேய்மானம் பெருகும் என்று நான் சொல்லவில்லை. இரு பக்கமும் ஒரே பழுது சேர வேண்டிய நோய்களுக்குத்தான் அது கதவைத் திறக்கிறது. குழந்தையின் துணியில் கறுப்புக் கறை விழுந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அந்தக் கறுக்கும் பொருள் சேர்வதைக் குறைக்கும் நிட்டிசினோன் என்ற மருந்துக்கு ஐரோப்பாவில் 2020-இல் அனுமதி கிடைத்திருக்கிறது.

இன்னும் சில அபூர்வங்கள் உண்டு. உடம்பில் காப்பி நிறத் திட்டுகள் ஆறோ அதற்கு மேலோ இருந்து நரம்பு வேர்களில் கட்டி வளரும் நியூரோஃபைப்ரோமட்டோசிஸ் ஒன்று. நரம்பின் உறையே பலவீனமாகப் பிறந்து, சம்மணம் போட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே பாதம் தொங்கிப்போகும் பரம்பரை நோய் இன்னொன்று. இதை ஜவ்வுப் பிதுக்கம் என்று நினைத்துவிட வாய்ப்பு உண்டு. வீட்டில் இன்னொருவருக்கும் கையோ காலோ அடிக்கடி மரத்துப்போய்ச் சில வாரத்தில் தானாகச் சரியானது என்றால் மருத்துவரிடம் அதைச் சொல்லாமல் விடாதீர்கள்.

வீட்டில் எல்லோருக்கும் வலி, ஆனால் காரணம் ரத்தம் இல்லை

இந்த இடத்தில் அத்தையோடு நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். குடும்பத்தில் பலருக்கு வருவதெல்லாம் மரபணுவால் வருவதில்லை.

மும்பையில் முதலில் நினைக்க வேண்டியது காசநோய். அது நுரையீரலில் மட்டும் வருவதில்லை. முதுகெலும்பை அரித்து, சீழ் கட்டி, தண்டுவடத்தை அழுத்திக் காலை முடக்கும். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுத்தால் கிருமி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும், வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது வம்ச நோய் போலத் தோன்றும். சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, ராத்திரி படுத்தாலும் விடாத வலி, இவை இருந்தால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நாளைக் கடத்தக் கூடாது. மாத்திரையால் குணமாகும் நோய் அது. இலவசமாகவே கிடைக்கிறது.

இரண்டாவது தண்ணீர். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம் என்றால், பல்லில் பழுப்புக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். ஃபுளோரைடு கூடிய கிணற்றுத் தண்ணீரை வருடக்கணக்கில் குடித்தால் தசைநார்கள் இறுகி முதுகு கட்டைபோல ஆகும், நரம்பும் நசுங்கும். ஒரே கிணறு என்பதால் ஒரே நோய். மூன்றாவது வெயில் படாமை. சந்துக்குள் சந்தாகப் போகும் வீடுகளில் பகலிலும் டியூப்லைட் எரிகிறது. வைட்டமின் டி குறைந்து எலும்பு மென்மையாகி, அம்மா, மகள், மருமகள் மூவருக்கும் இடுப்பு வலிக்கும். மருமகளுக்கும் வலிக்கிறது என்றால் அது வம்ச ரத்தமாக இருக்க முடியாது அல்லவா?

என் ஸ்கேனும் தம்பியின் காலை நேரமும்

என் கதைக்கு வருகிறேன். இரண்டு ஜவ்வு கறுத்திருக்கிறது என்று தெரிந்ததும் எனக்குப் பயம். ஆனால் 2015-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வைப் படித்த பிறகு கொஞ்சம் தூங்கினேன். எந்த வலியும் இல்லாதவர்களைப் படம் எடுத்தாலே இருபது வயதினரில் 37 சதவீதம் பேருக்கு ஜவ்வுத் தேய்மானம் தெரிகிறது, எண்பது வயதினரில் 96 சதவீதம் பேருக்கு. அதாவது நரை மாதிரி. சிலருக்கு முப்பதிலேயே நரைக்கிற மாதிரி சிலருக்கு முப்பதிலேயே ஜவ்வும் வற்றுகிறது, அதற்கு வம்சம் காரணமாக இருக்கலாம். கால் இழுப்பு பெரும்பாலோருக்கு ஆறு வாரம் முதல் மூன்று மாதத்துக்குள் அடங்கிவிடும். எனக்கும் அடங்கியது. தினமும் நடக்கிறேன், பிசியோதெரபிஸ்ட் சொன்ன பயிற்சிகளை விடாமல் செய்கிறேன். சிறுநீர் போக முடியாமல் அடைத்துக்கொண்டாலோ, உட்காரும் இடம் மரத்துப் போனாலோ, பாதம் தொங்கினாலோ மட்டும் ஒருநாள்கூடக் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

இதற்கிடையே அத்தையிடம் மறுபடி பேசினேன். வம்சத்தில் யார் யாருக்கு என்ன மாதிரி வலி என்று கேட்டேன். முதலில் சொல்லத் தயங்கினார். தம்பிக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம், நாலு பேர் காதில் விழக் கூடாது என்ற பயம். அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "உங்க பெரிய தாத்தா குனிஞ்சேதான் நடப்பாவ. கழுத்து திரும்பாது. வானத்தப் பாக்கணும்னா மல்லாக்கப் படுக்கணும்பாவ."

எனக்குக் கை கால் ஓடவில்லை. இது ஜவ்வு வற்றியவரின் நடை இல்லை. முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி மூங்கில் கழி போல ஆகிவிடும் அன்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற நோயின் நடை. எச்.எல்.ஏ. பி27 என்ற மரபணு வகைக்கும் இதற்கும் உள்ள தொடர்பு 1973-லேயே தெரிந்துவிட்டது. முதுகு நோய்களில் பரம்பரையின் பிடி மிக வலுவாக உள்ளவற்றில் இது ஒன்று.

எனக்கு வந்த பயம் எனக்காக இல்லை, தம்பிக்காக. அவனுக்கு 27 வயது. இரண்டு வருடமாகக் காலையில் எழுந்தால் ஒரு மணி நேரம் முதுகு கட்டைபோல இருக்கும். கிரவுண்டில் ரெண்டு ஓவர் போட்டால் இளகிவிடும். விடியற்காலை மூணு மணிக்கு வலியில் விழிப்பான், எழுந்து நடப்பான். போன மழைக்காலத்தில் ஒரு கண் மட்டும் சிவந்து வலித்து, சொட்டு மருந்து போட்டுச் சரியானது. ஜவ்வு வலி ஓய்வெடுத்தால் குறையும், உழைத்தால் கூடும். அவனுக்கு நேர்மாறாக இருந்தது. நாற்பது வயதுக்குள் மெல்லத் தொடங்கி, ஓய்வில் கூடி, அசைந்தால் குறைகிற வலி வேறு வகை. கண் சிவப்பும் குதிகால் வலியும் அதற்குக் கூட்டாளிகள். எலும்பு மருத்துவரிடம் போனபோது, கண்ணைப் பற்றி அவரும் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை.

மூட்டு வாத நிபுணரிடம் கூட்டிப் போனோம். பி27 பாசிட்டிவ். அது மட்டும் போதாது என்று அவரே சொன்னார். அந்த மரபணு வகை உள்ளவர்களில் நூற்றுக்குச் சிலருக்குத்தான் நோய் வரும், ஆகவே அறிகுறி எதுவும் இல்லாத அண்ணன் தம்பி அத்தனை பேரும் வரிசையில் நின்று அந்தச் சோதனையைச் செய்ய வேண்டியதில்லை. முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் மூட்டுகளின் எம்.ஆர்.ஐ.யில் அழற்சி தெரிந்த பிறகே முடிவு செய்தார். எலும்பு இன்னும் ஒட்டவில்லை. மாத்திரையும் தினப்பயிற்சியும் ஆரம்பித்தாகிவிட்டது. இவற்றுக்கு அடங்காவிட்டால் ஊசி மருந்துகள் இருக்கின்றன. பெரிய தாத்தா காலத்தில் இவற்றில் எதுவும் இல்லை.

விஷயத்தை அத்தையிடம் சொன்னேன். கண் சிவந்ததற்கும் முதுகுக்கும் என்ன சம்பந்தம் என்று இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"கடையநல்லூர்ச் சித்தப்பா மவனுக்கும் வருசம் ஒருதடவ கண்ணு செவக்குமேட்டி" என்றார்.

அவன் நம்பரைக் கேட்டு எழுதிக்கொண்டேன்.